வண்டி நகராது

"இப்பவே சொல்லிடறேன். எல்லையில உங்களைப் பிடிச்சு உட்கார வெச்சா நான் நிக்க மாட்டேன். பஸ் போயிடும்."

மான்ட்ரியல் பஸ் நிலையத்தில் டிரைவர் லூசியன் எல்லோருக்கும் பொதுவாகத்தான் சொன்னார். பார்த்தது என்னவோ என் பக்கத்து ஸீட்டு கோராவை.

கோரா நடுவில் ஓட்டை விட்ட ரப்பர் மெத்தையை ஸீட்டில் போட்டு, மெல்ல, மெல்ல உட்கார்ந்தாள். அப்படியும் முகம் சுருங்கியது.

"ஆபரேஷனா?" என்றேன்.

"ஆமாங்க, ரெண்டு வாரம் ஆச்சு. நான் பொம்பளைதான்னு எனக்கு எப்பவோ தெரியும். உடம்புக்கு இப்பத்தான் தெரிஞ்சுது."

"துணைக்கு யாரும் வரலையா?"

"தங்கச்சி கார்ல வந்து கூட்டிட்டுப் போறேன்னா. அவ புருஷன் சாவியைத் தரலை."

பின் ஸீட்டிலிருந்து வெண்டல் கிழவர் முணுமுணுத்தார். "மெத்தை வேறயா? பஸ்ஸா இது, படுக்கையறையா?"

லாரிப் பட்டறை வைத்திருந்து ஓய்வு பெற்றவர். வாரா வாரம் மகளைப் பார்த்துவிட்டு இதே பஸ்ஸில்தான் அமெரிக்காவிலுள்ள பர்லிங்டன் திரும்புவார். வாரா வாரம் எதையாவது புலம்புவார்.

எல்லைச் சாவடியில் எல்லோரும் பையோடு இறங்கி வரிசையில் நின்றோம். கோராவின் முறை வந்தது. பாஸ்போர்ட்டில் இருந்தது தாடி வைத்த கர்ட்டிஸ். நின்றது கோரா.

அதிகாரி இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "கொஞ்சம் உள்ளே வாங்க."

"இந்த மாதிரி ஆளுங்களோட வந்தாலே லேட்டுதான்," என்றார் வெண்டல், அவள் காதில் விழும்படியாக.

மற்ற எல்லோரும் திரும்பி வந்து ஏறிவிட்டோம். கோரா வரவில்லை. அவளுடைய மெத்தை மட்டும் ஸீட்டில் இருந்தது. அது இல்லாமல் உள்ளே அந்த மரப் பெஞ்சில் எப்படி உட்காருவாள்? அடுத்த பஸ் நாளைக்குத்தான். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது.

லூசியன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சொன்னேன்ல," என்று கதவைச் சாத்தினார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏங்க, பச்சை உடம்புக்காரி. பனியில விட்டுட்டுப் போறதா?"

"கம்பெனி ரூல்மா. காத்திருந்தா எனக்கு மெமோ. எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கு."

பஸ் இரண்டடி நகர்ந்தது. ஒரு குலுங்கு குலுங்கி நின்றுவிட்டது.

"போச்சு," என்று இறங்கினார். எல்லோரும் பார்க்க, முன்பக்கத் தகட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டார். ஆபீசுக்குப் போன் போட்டு, வண்டி மக்கர் பண்ணுது என்றார்.

ஆடின ஆட்டத்துக்கு ஆண்டவன் வைத்தான் ஆப்பு. எனக்கு உள்ளூர ஒரே சந்தோஷம்.

மற்றவர்களுக்கு அப்படி இல்லை. ஒருவருக்கு பாஸ்டன் பஸ் தவறிவிடுமாம். இன்னொருத்தி டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்டாள். வெண்டல் எழுந்தார்.

"தள்ளுங்க. காலம் பூரா இன்ஜின்ல கையை விட்டவன் நான். என்னன்னு பார்க்கிறேன்."

இறங்கிப் போய் அவரும் உள்ளே எட்டிப் பார்த்தார். நிமிர்ந்து லூசியனை ஒரு பார்வை பார்த்தார். மறுபடி குனிந்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டே ஏறி வந்தார்.

"சரியான கோளாறு. இப்போதைக்கு நகராது. கத்திப் பிரயோஜனம் இல்லை, பேசாம உட்காருங்க."

"எவ்வளவு நேரம் ஆகும் பெரியவரே?"

"இரும்புக்குக் காய்ச்சல் வந்திருக்கு. எப்ப இறங்கும்னு நானா சொல்ல முடியும்?"

பட்டறைக்காரரே சொன்ன பிறகு யார் என்ன பேசுவது? எல்லோரும் உட்கார்ந்தார்கள்.

இருட்டத் தொடங்கும் நேரம், கோரா சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். பஸ்ஸைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டாள்.

"இன்னும் போகலையா நீங்க?"

"வண்டி கெட்டுப்போச்சு. உனக்காக நின்னேன்னு நினைச்சுக்காதே. ஏறும்மா," என்றார் லூசியன்.

அவள் மெத்தையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். "தாடிக்காரன் எங்கேன்னு கேட்டாங்க. நான்தான் அவன்னு எத்தனை தடவை சொல்றது? வலிக்காம இருந்தது வாய் ஒண்ணுதான். இப்ப அதுவும் வலிக்குது."

லூசியன் சாவியைத் திருப்பினார். வண்டி கிளம்பிவிட்டது.

"காய்ச்சல் இறங்கிடுச்சு போல," என்றார் வெண்டல்.

பர்லிங்டனில் கோராவின் பையை அவர்தான் தூக்கி இறக்கினார், அப்போதும் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே. பிறகு டிரைவர் ஜன்னலருகே போய் நின்றார். அவர் பின்னால் நின்ற என் காதில் அது விழுந்தது.

"தம்பி, அடுத்த தடவை இன்ஜின் கெட்டுப்போகணும்னா பின்பக்கமாப் போய்த் திற. நீ அவ்வளவு நேரம் தலையை விட்டுக்கிட்டு நின்னது ஸ்டெப்னி டயருக்குள்ள."