காத்தாயியின் சாட்சி

"நீ சாட்சிக் கூண்டு ஏறவே வேணாம்மா. நான் சொல்றதைக் கேளு."

வக்கீல் ஜெயச்சந்திரன் மூன்றாவது தடவையாகச் சொன்னார். ஆரணி கோர்ட் வாசலில் காத்தாயி அசையாமல் நின்றாள்.

பட்டு வியாபாரி அருணகிரி வீட்டில் நூல் சுற்றுகிறவள் அவள். தறியிலிருந்து அறுத்து வைத்த முகூர்த்தப் புடவை ஒன்று காணாமல் போய்விட்டது. அன்று கூடத்தில் இருந்தவள் இவள்தான் என்று புகார்.

"புடவை உன் வீட்ல கிடைக்கலை. நீ எடுத்ததைப் பார்த்தேன்னு ஒருத்தரும் சொல்லலை. பேசாம இருந்தாலே விடுதலை."

"சாட்சி இல்லாததால வுட்டுட்டாங்கன்னு தெருவே பேசிக்கினு இருக்கும். அப்புறம் எவங்க வூட்ல என்னை நம்பி நூலு குடுப்பாங்க? நான் எடுக்கலைன்னு என் வாயால சொல்லணும், வக்கீலய்யா."

"நீ யோக்கியம்னு பேச ஆரம்பிச்சா பழைய கேஸைக் கிளறுவாங்க. பதினோரு வருஷம் முன்னால மூணு மாசம் உள்ளே இருந்திருக்கே. அரசு வக்கீல் வீரபாகு கேள்வி கேட்டே கிழிச்சிடுவார்."

"கிழிக்கட்டும்."

அவளே சாட்சி சொல்ல அனுமதி கேட்டு, ஜெயச்சந்திரன் பெருமூச்சு விட்டபடி மனு எழுதினார். காத்தாயி கைநாட்டு வைத்துவிட்டுப் போய்க் கூண்டில் ஏறினாள்.

"நான் எடுக்கலீங்க. அடுத்தவங்க பொருளை என்னிக்கும் தொட்டதில்லை."

வீரபாகு மீசையைத் தடவிக்கொண்டே எழுந்தார். கையில் போலீஸ் கொடுத்த துண்டுச் சீட்டு.

"என்னிக்கும் தொட்டதில்லை! அப்போ எழுபத்தொண்ணுல, கொலுசு திருடின கேஸ்ல வேலூர் ஜெயிலுக்கு எதுக்குப் போனே? சுத்திப் பார்க்கவா?"

கோர்ட்டில் சிரிப்பு. அருணகிரியும் சிரித்தார்.

"போனேங்க. ஆனா எடுக்கலை. நான் வெளிய வந்த மறுவாரம் அவங்க வூட்டு அரிசிப் பானைக்குள்ளயே கொலுசு கெடைச்சுது. அந்தம்மாவே வந்து அழுதாங்க."

"ஓஹோ! எடுக்கலைன்னு அன்னிக்குக் கோர்ட்ல சொன்னியா?"

"இல்லீங்க."

"ஒரு வார்த்தை?"

"ஒரு வார்த்தைகூடச் சொல்லலீங்க."

வீரபாகு மேஜிஸ்ட்ரேட் பக்கம் திரும்பினார். "திருடாதவளா இருந்தா ஏன் வாயை மூடிக்கிட்டு நிக்கணும், யுவர் ஆனர்?"

"நான் பேசறேன்னுதாங்க சொன்னேன்" என்றாள் காத்தாயி. "எனக்காகக் காசு வாங்காம வந்த சின்ன வக்கீலு, 'நீ வாயைத் தொறக்காதே, எல்லாம் நான் பாத்துக்கறேன்'னாரு. நம்பினேன்."

"எந்த வக்கீல்? பேரைச் சொல்லு பார்ப்போம்!"

காத்தாயி அவரை நேராகப் பார்த்தாள்.

"அப்போ உங்களுக்கு மீசை கெடையாதுங்க."

சிரிப்பு நின்றது. வீரபாகு அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். அப்படியே சீட்டை மடித்தார். "வேற கேள்வி இல்லை" என்று உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு தலை நிமிரவில்லை.

மேஜிஸ்ட்ரேட் மறுவாரம் விடுதலை செய்தார். சந்தேகத்தின் பலன் என்று எழுதவில்லை. 'இந்தப் பெண்மணி சொல்வதை நம்புகிறேன்' என்றே எழுதியிருந்தார்.

வெளியே வந்ததும் ஜெயச்சந்திரன் ஆற்றாமையோடு கேட்டார்:

"அந்த வக்கீல் இவர்தான்னு எங்கிட்ட ஏம்மா முன்னாடியே சொல்லலை?"

"சொல்லியிருந்தா, அதையும் சொல்லாதேன்னுதானே சொல்லியிருப்பீங்க?"