செங்கல் மெஷின்

“இன்னா டீச்சர் நடக்குது இங்க?”

அங்கன்வாடி வாசலில் நின்று ராஜாங்கம் போட்ட சத்தத்தில், செஞ்சிக் கோட்டையில் மூன்று குரங்குகள் காதைப் பொத்திக்கொண்டதாகக் கேள்வி.

அவன் பக்கமும் நியாயம் இருந்தது. ராஜாங்கம் ரேஷன் கடை சேல்ஸ்மேன். ஒரே மகள் மணிமொழிக்கு நாலு வயசு. ரெண்டு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசமாட்டாள். சாயங்காலம் கடைக்குக் கூட்டிப்போனால், மூட்டைமேல் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பதோடு சரி. பேச்சு வரட்டும் என்றுதான் இங்கே விட்டான். ஆறு மாதம் ஓடிவிட்டது. எப்போது வந்து பார்த்தாலும் மண்ணும் கொட்டாங்குச்சியும்தான்.

“அ, ஆ கூட சொல்லித் தரல. எப்பப் பாரு வெளையாட்டு. நாளையிலேருந்து இங்கிலீஷ் நர்சரியில சேக்கப் போறேன்.”

“அந்த வெளையாட்டுலதான் சார் பேச்சே வருது,” என்றாள் சுமலதா டீச்சர். “தான் வேற ஆளுன்னு நெனச்சிக்கிட்டா கூச்சம் போயிடுது. கேட்டதுக்குப் பதில் சொல்லியே ஆவணும். உங்க பொண்ணு இப்பல்லாம் என்னா பேச்சு பேசறா தெரியுமா?”

“எம் பொண்ணா? எங்க, பேசட்டும் பாக்கலாம்!”

“சத்தம் போடாம கதவோரம் நின்னு பாருங்க.”

உள்ளே கடை திறந்திருந்தது. மண்தான் அரிசி. பூவரச இலைதான் கார்டு. செங்கல்தான் கைரேகை மெஷின். அதற்குப் பின்னால் கால்மேல் கால் போட்டு மணிமொழி.

ராஜாங்கத்துக்கு நெஞ்சு நிமிர்ந்தது. நம்ம உத்தியோகம்!

அங்கே சமையல் செய்யும் அம்மாக்கண்ணுவும் ஓர் இலையோடு வரிசையில் நின்றாள். முறை வந்ததும் செங்கல்லில் கட்டைவிரலை வைத்தாள்.

“தள்ளாத, தள்ளாத! சர்வர் இல்ல. நாளைக்கு வா!”

கணீரென்று வந்தது குரல். ராஜாங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. எம் பொண்ணா இது?

“நேத்தும் இதாம்மா சொன்ன,” அம்மாக்கண்ணு ஆட்டத்தை விடவில்லை. “வூட்டுல ஒரு பிடி அரிசி இல்ல. மெஷின் கெட்டுப்போச்சா?”

“மெஷின் நல்லாத்தான் இருக்குது.” மணிமொழி செங்கல்லைக் கவிழ்த்து வைத்தாள். “டீக்கடையில சூடா போண்டா போட்டுட்டாங்கல்ல? அதான் சர்வர் இல்ல. யார்கிட்டயும் சொல்லாத.”

அம்மாக்கண்ணு மெல்லத் திரும்பிக் கதவோரம் பார்த்தாள். அவளுடைய நிஜக் கார்டும் ராஜாங்கம் கடையில்தான். இந்த வாரம் மூன்று தடவை நடந்துவிட்டு வெறும் பையோடு திரும்பியிருக்கிறாள்.

“இன்னா ராஜாங்கம், போண்டா தீந்துடுச்சா?”

“நீ… சாயங்காலம் வாம்மா. மொத ஆளா போட்டுடறேன்.”

டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டு நோட்டைப் பிரித்தாள்.

“நர்சரின்னு சொன்னீங்களே சார், மணிமொழி பேர எடுத்துடட்டுமா?”

“ஐயையோ, வேணாம் டீச்சர்!” ராஜாங்கம் குரலைத் தாழ்த்தினான். “இங்கயே இருக்கட்டும். அந்த நர்சரியிலதான் எங்க கடைய செக் பண்ற ஆபீசர் பொண்ணும் படிக்குது.”