வெள்ளிக்கிழமை அழைப்பு

இத்தாலிய மொழிப் பேராசிரியை குமுதவல்லி எந்த நாவலை மொழிபெயர்த்தாலும், வாரம் முழுக்கச் சேர்ந்த சந்தேகங்களை வெள்ளிக்கிழமை ஆசிரியருக்கே போன் செய்து கேட்டுவிடுவார். குமுதவல்லியின் மொழிநடை, குரல், போன் எண் எல்லாவற்றையும் பதிப்பகம் எழுதி வாங்கி மொழிபெயர்ப்பு இயந்திரத்தில் ஏற்றிய பிறகு, இரண்டு வருடமாக வேலையும் இல்லை, வெள்ளிக்கிழமையும் இல்லை.

இன்று ரோமிலிருந்து மார்த்தா அழைத்தார். அவருடைய கணவர், நாவலாசிரியர் லுச்சானோ, இறந்து மூன்று நாளாகிவிட்டதாம்.

"வாராவாரம் கூப்பிட்டீங்களே, அதுக்காகத்தான் உயிரைப் பிடிச்சிட்டிருந்தார். பெத்த பிள்ளைங்ககிட்டகூட அவ்வளவு பேசினதில்ல. கடைசியா உங்ககிட்ட என்ன சொன்னார்?"

இரண்டு வருடமாகக் குமுதவல்லி எந்த ஆசிரியரையும் அழைத்ததில்லை. ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த, இத்தாலிய மொழி புரிந்த கணவர் பரசுராமன் கிசுகிசுத்தார்: "அது நீயில்லன்னு சொல்லிடு, குமுதா. பாவம் அந்தம்மா."

சொல்லத்தான் வாயெடுத்தார். அதற்குள் அதே இணைப்பில், இயந்திரத்தில் ஏற்றிய அவருடைய குரலே அழகான இத்தாலிய மொழியில் முந்திக்கொண்டது.

"உங்களைப் பத்திதான் பேசினார், மார்த்தா."

எதிர்முனையில் அந்த அம்மாள் உடைந்து அழுதார். குமுதவல்லி போனைக் கையில் பிடித்தபடி, தான் அடுத்து என்ன சொல்லப்போகிறோம் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.