மொச்சைக்கொட்டை அளவில் ஒன்று

செபஸ்தியான் வீட்டு வாசலில் நின்று கதிரியக்கம் காட்டும் கருவியை முடுக்கியதுமே அது டிக் டிக்கென்று கத்தத் தொடங்கியது. பாலசுப்பிரமணியத்துக்கு முகமெல்லாம் சிரிப்பு. அணுசக்திப் பாதுகாப்பை மேற்பார்வையிடப் பம்பாயிலிருந்து வந்த அதிகாரி, காலைப் போட்டில் வந்திறங்கி முதல் வீட்டிலேயே திருடனைப் பிடித்துவிட்டார்.

அந்தமானில் பாம்பூஃப்ளாட் ஜெட்டி வேலையில் வெல்டிங்கைச் சோதிக்க வைத்திருந்த கதிரியக்கத் துணுக்கை நான்கு நாளாகக் காணோம். மொச்சைக்கொட்டை அளவுதான், ஆனால் ஒரு மணி நேரம் உடம்போடு ஒட்டியிருந்தால் தோல் வெந்துபோகும். அது யார் கையில் இருந்தாலும் ஏழு வருஷம் ஜெயில் என்று நேற்றே மைக் வைத்து அறிவித்தாயிற்று. அது இருந்த ஈயப் பெட்டியைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை. இலாகா ரகசியமாம்.

“மாதா சத்தியமா அது எங்க வீட்ல இல்ல சார்,” என்றான் செபஸ்தியான். மீன்பிடிக்கிற ஆள், வலையைப் பின்னிக்கொண்டே சொன்னான். அந்த நிதானம்தான் அதிகாரிக்குப் பிடிக்கவில்லை.

அடுப்புச் சாம்பல்வரை கிளறியாயிற்று, ஒன்றுமில்லை. சரியென்று பக்கத்து வீட்டுக்குப் போனார். அங்கும் டிக் டிக். அடுத்த வீட்டிலும் அதே வேகம், மாதா கோயிலிலும் அதே வேகம். கொட்டுகிற மழையில் மழைக்கோட்டோடு ஆளில்லாத மணலில் போய் நின்றார், அங்கேயும் அது வாயை மூடவில்லை.

மீனவர் பஸ்தி மொத்தமும் கூட்டுக் களவாணிகள், மணலில் புதைத்துவிட்டார்கள் என்று முடிவுகட்டினார். நான்கு கூலியாட்களை வைத்து மத்தியானம்வரை தோண்டினார். நண்டுதான் வந்தது.

கோபம் தலைக்கேறித் திரும்பியவர், கான்ஸ்டபிளை விட்டு செபஸ்தியானுக்கு விலங்கு மாட்டினார். அடுத்த கப்பலிலேயே மெயின்லேண்ட் ஜெயில் என்றதும் அவன் மனைவி செலின் உடைந்துபோனாள். மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள், பாவம்.

வலைக்குக் குண்டு வார்க்கத்தான் அந்த ஈயப் பெட்டியை எடுத்தோம் என்று அழுதாள். நேற்று மைக்கில் சொன்ன பிறகுதான் திறந்தே பார்த்தார்களாம். பெட்டியை யாரும் கேட்கவில்லையே என்று அதை மட்டும் உருக்கிக் குண்டாக்கிக்கொண்டார்களாம்.

“உள்ள இருந்தது எங்கம்மா?” என்றார் அதிகாரி.

செலின் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“கைல இருந்தா ஜெயில்னு சொன்னீங்களே சார். அதான் காலைல நீங்களும் நானும் வந்த போட்லயே உங்க மழைக்கோட்டுப் பையில போட்டுட்டேன்.”