கடைசி வரிசையில் ஒருவர்

படத்தில் அவள் முகங்களைத்தான் தேடினாள்.

காசாவில் பிடிபட்ட ஆண்கள். உள்ளாடையோடு, கைகள் பின்னால் கட்டப்பட்டு, வீதியில் வரிசை வரிசையாகக் குந்தவைக்கப்பட்டிருந்தார்கள்.

முதல் வரிசையிலிருந்து தொடங்கினாள். ஒவ்வொரு முகமாக. பிறகு அடுத்த வரிசை.

அவள் புருஷன் காசாவுக்குப் போனவர் இல்லை. வன்னியைத் தாண்டிக் கொழும்புக்குப் போவதென்றாலே அலுத்துக்கொள்கிற மனிதர். அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

தெரிந்தும் தேடினாள்.

கட்டிவைக்கப்பட்ட ஆண்களின் படம் எங்கே கிடைத்தாலும் அவள் கண் அப்படித்தான் போகும். யுத்தம் முடிந்ததிலிருந்து அதுதான் பழக்கம்.

மண்டபத்தில் கருத்தரங்கு முடிந்திருந்தது. 'பாலஸ்தீனப் பெண்களும் நாமும்.' நன்றாகத்தான் பேசினார்கள். காலனியம் என்றார்கள், ஆணாதிக்கம் என்றார்கள். ஒடுக்கப்பட்டவர்களின் துயரம் எங்கும் ஒன்றுதான் என்றார்கள். பிறகு ரோல்ஸும் தேநீரும் கொடுத்தார்கள்.

இனி வீதியில் இறங்கிப் பதாகை பிடிக்க வேண்டும்.

பேசியவர்களில் ஒருத்தி சுகிர்தா. அவள் வந்து இவள் கையிலிருந்த படத்தை வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்தாள். வேறொன்றைக் கையில் கொடுத்தாள். இறந்த குழந்தையை மடியில் வைத்திருக்கும் ஒரு தாய்.

"ஆம்பிளையளின்ர படம் வேண்டாம் அக்கா. சனம் இரங்காது. இவங்கள் என்ன செய்தவங்களோ எண்டுதான் கதைக்குங்கள்."

பரிவாகத்தான் சொன்னாள். நல்ல பெண்தான்.

அதனால்தான் அது கூடுதலாகச் சுட்டது.

யுத்தத்தின் கடைசி நாளில் வட்டுவாகல் பாலத்தடியிலும் இராணுவத்தினர் இப்படித்தான் பிரித்தார்கள். பெண்களும் பிள்ளைகளும் இந்தப் பக்கம். ஆண்கள் அந்தப் பக்கம். விசாரித்துவிட்டு அனுப்புவோம் என்றார்கள். தோளில் கிடந்த ஐந்து வயது மகளை அவள் இடுப்புக்கு மாற்றிவிட்டு அவர் நடந்தார்.

மகளுக்கு இப்போது கல்யாணமும் ஆகிவிட்டது. விசாரணைதான் முடியவில்லை.

அந்தப் பக்கம் போனவர்களுக்காக அழுவதென்றால் இனி இவர்களிடமும் அனுமதி வாங்க வேண்டுமாக்கும்.

தாயும் குழந்தையும் இருந்த படத்தைப் பக்கத்தில் நின்ற பெண்ணிடம் கொடுத்தாள். அந்தக் குழந்தையின் காலை ஒருமுறை தொட்டுவிட்டுத்தான் கொடுத்தாள்.

மேசையில் கவிழ்ந்து கிடந்ததை எடுத்துக்கொண்டாள்.

வீதியோரம் நின்றபோது அதை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தாள். காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்கான போராட்டங்களில் புருஷனின் படத்தை அப்படித்தான் பிடிப்பாள். வேறு மாதிரிப் பிடிக்கத் தெரியாது.

சுகிர்தா பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கமெராவோடு ஒரு நிருபர் வந்தார். அந்தப் போராட்டங்களுக்கு வந்து பழகியவர். அவளையும் தெரியும். படத்தைச் சரியாகப் பார்க்காமலே வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார்.

"அம்மா, இதில உங்கட ஆள் ஆர்?"

சுகிர்தா ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

அதற்குள் அவள் படத்தில் விரலை வைத்துவிட்டாள்.

கடைசி வரிசை. தலை குனிந்திருந்த ஒருவர்.

அவருடைய முகம் மட்டும்தான் படத்தில் தெரியவில்லை.