பூட்டாத வாசற்கதவு

மார்ச் பதினொன்றாம் தேதி, மாலைக் கல்லூரியில் நாடகத் தாளின் கட்டுரைகள் திருத்தப்பட்டன. ஒரு மாணவரை மட்டும் பேராசிரியர் தம் அறைக்கு அழைத்தார்.

"இந்த அமெரிக்க நாடகத்துல மோதறது அப்பாவோட பிடிவாதமும் மகனோட சுதந்திரமும்தான்னு வகுப்புல தொண்டை கிழியச் சொன்னேன். நீங்க என்னடான்னா அப்பாவுக்கு வக்காலத்து வாங்கியிருக்கீங்க!"

"அது பிடிவாதம் இல்ல சார், பயம். மகன் கோவிச்சுக்கிட்டுப் போனப்புறம், மூணாவது காட்சியில அவர் வாசக்கதவைப் பூட்டாமதானே படுக்கறார்?"

"மறதியா இருக்கும். மாத்தி எழுதுங்க. இல்லேன்னா ஃபெயில். பட்டம் கிடைக்காது."

"மாத்த மாட்டேன் சார்."

"சொன்னா கேக்கற ஜென்மமா நீங்க!"

மாணவர் வணக்கம் சொல்லிவிட்டுப் போனார். பேராசிரியர் சிவப்புப் பேனாவைத் திறந்தார், பிறகு மூடினார். கட்டுரையோடு பக்கத்து அறையிலிருந்த சக பேராசிரியையிடம் போனார்.

"மேடம், இதை நீங்க திருத்திடுங்க. விதிப்படி நான் திருத்தக் கூடாது."

"ஏன், பையன் உங்களுக்குச் சொந்தமா?"

"பையன் இல்ல மேடம், எங்க அப்பா. நான் வீட்டை விட்டு வந்ததுலேருந்து பேச்சுவார்த்தை இல்ல. இந்த வருஷம் என் வகுப்புலயே வந்து சேர்ந்துட்டார்."

மேடம் அன்றே திருத்தினார். மாணவர் தேர்ச்சி பெற்றார்.