இருக்கிறதிலேயே சல்லிசு

"இருக்கிறதுலயே சல்லிசான ஆயில் எதுப்பா?"

நூர் அகமது கேட்டது கடை தாண்டி திருச்சி ரோடு முழுக்கக் கேட்டிருக்கும். பைக் பக்கத்தில் நின்ற அவர் மகள் முஹ்சினாவுக்கு உடம்பு கூசியது. அத்தாவுக்கு மெதுவாகப் பேசவே வராது. விலை கேட்கும்போது ஊரையே சாட்சிக்குக் கூப்பிடுவார்.

ஆயில் மாற்றாமல் அவள் ஸ்கூட்டர் வீட்டில் நிற்கிறது. அதனால்தான் காலேஜ் முடிந்து அத்தாவின் பைக்கில் ஏற வேண்டியதாயிற்று. அவரோ தோல் மண்டியிலிருந்து நேராக வந்திருந்தார். அதே சட்டை, அதே வாடை.

கடைக்காரர் அந்தோணிமுத்து ஒரு டப்பாவை எடுத்து வைத்தார்.

"இதைப் போடுங்க பாய். வண்டி சத்தமில்லாம ஓடும்."

"இதுக்கு இம்புட்டு வெலையா? சத்தம் கேட்டாத்தானப்பா எதுக்க வாரவன் ஒதுங்குவான், ஹாரன் வேற செத்துப்போச்சு! டிரம்ல இருந்து அளந்து ஊத்துவியே, அதையே குடு."

"அதை ஊத்தித்தான பாய் போன தடவை வடமதுரையில வண்டி சூடேறி நின்னுச்சு?"

"நின்னா தள்ளிட்டு வாரேன். கால் எதுக்கு இருக்கு?"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நூர் அகமதுவும் கூடச் சேர்ந்து சிரித்தார். முஹ்சினாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அந்த நேரம் பார்த்துத்தானா கூடப் படிக்கிற ரோஹித் வர வேண்டும்? புது பைக்கை நிறுத்திவிட்டு நேரே அவளிடம் வந்தான்.

"ஏய், நீ எங்க இங்க?" என்றவன் கடைப் பக்கம் கண்ணைக் காட்டினான். "அந்த பாய் செம காமெடி பண்றாருல்ல? தெரிஞ்சவரா?"

நாக்கு முந்திக்கொண்டது.

"பக்கத்து வீட்டு மாமா. பஸ் வரல, வழியில பாத்து ஏத்திக்கிட்டாரு."

சொன்ன பிறகுதான் கவனித்தாள். அத்தா கைக்கெட்டும் தூரத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார். அவர் திரும்பவில்லை. கேட்டிருக்காது என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டாள்.

"அந்தோணி, ஸ்கூட்டருக்கும் ஒண்ணு குடுப்பா. நல்லதா."

இந்தத் தடவை அத்தாவின் குரல் மெதுவாக இருந்தது.

"நல்லதுன்னா வெல கூடுமே பாய்."

"கூடட்டும்."

அந்தோணிமுத்து அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, மேல் அலமாரியிலிருந்து டப்பாவை எடுத்துத் துடைத்துக் கொடுத்தார். ரோஹித்துக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"என்ன பாய், பைக்குக்கு டிரம் ஆயிலு, ஸ்கூட்டருக்கு மட்டும் ராஜ உபசாரமா?"

"அது என் மக ஓட்டுறதுப்பா. நான் எங்க நின்னாலும் தள்ளிட்டு வந்துருவேன். பொம்பளப்புள்ள வழியில நிக்கக் கூடாதுல்ல?"

முஹ்சினாவால் தலையை நிமிர்த்த முடியவில்லை. இவ்வளவு நேரம் அத்தாவை நினைத்துக் கூசியவளுக்கு இப்போது தன்னை நினைத்தே கூசியது. சீ, என்ன பிறவி நான்?

ரோஹித் விடவில்லை. "மக எந்த காலேஜ் பாய்?"

அத்தா ஒரு வார்த்தை சொன்னால் போதும், நாளைக்கு வகுப்பு முழுக்கச் சிரிக்கும். சொல்லட்டும், அதுதான் நியாயம் என்றும் தோன்றியது. ஆனால் "இவர்தான் எங்கத்தா" என்று வாய் திறக்க அவளுக்குத் துணிச்சல் வரவில்லை.

நூர் அகமது இரண்டு ஆயிலையும் பையில் போட்டு ஹேண்டிலில் மாட்டினார். பைக்கை உதைத்துக் கிளப்பினார். அது கடகடவென்று கத்தியது.

"அவ வீட்ல இருக்காப்பா" என்றார் ரோஹித்திடம்.

பிறகு முஹ்சினாவின் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்:

"ஏறும்மா. நேரமாச்சுன்னா உங்கத்தா தேடுவாரு."